அவசரச் சக்கர இறக்கம் (விமானவியல்)

பறக்கும்போது உள்ளே மடங்கும் சக்கரங்கள் வழக்கமான விசையால் கீழே வராதபோது, மாற்று வழியில் அவற்றை இறக்கிப் பூட்டுவது அவசரச் சக்கர இறக்கம் எனப்படும். வீட்டுக் கொட்டகையில் கட்டப்படும் இருவர் விமானத்துக்கும் பெரிய பயணியர் விமானத்துக்கும் இதன் அடிப்படை ஒன்றே.

தோற்றம்

சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் 1910இல் தாம் உருவாக்கிய விமானத்தைப் பறக்கவிட்டார். அக்காலத்து விமானங்களின் சக்கரங்கள் பொதுவாக நிலையானவை. வேகம் கூடியபோது, வெளியே தொங்கும் சக்கரங்கள் காற்றைத் தடுத்ததால் 1930களில் மடங்கும் சக்கரங்கள் பரவின. 1936இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்த ஆவ்ரோ ஆன்சன் விமானத்தில் சக்கரங்களை மேலேற்ற, கைப்பிடியை 140 தடவைக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது.

வீட்டில் கட்டும் விமானங்கள்

அமெரிக்கரான பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி விமானத்தில் பின் சக்கரங்கள் நிலையானவை. மூக்குச் சக்கரத்தை மட்டும் விமானி கையால் சுழற்றி இறக்குவார். இவ்வடிவமைப்பைத் தழுவி பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஆராய்ச்சி விமானம் 1987இல் பறந்தது. வேறு சில சிறு விமானங்களில் மின்மோட்டாரோ திரவ அழுத்தமோ சக்கரங்களை இயக்கும். திரவ அழுத்தம் போனால், அதைத் திறந்துவிட்டுச் சக்கரங்களைத் தம் எடையாலும் சுருள்வில்லின் உந்துதலாலும் விழச் செய்வர்.

பழுதறிதல்

பச்சை விளக்கு எரியாவிட்டால், முதலில் விமானத்தைப் பாதுகாப்பான உயரத்தில் சீராகப் பறக்க வைக்க வேண்டும். பிறகு விளக்கையும் மின்தடைக் கருவியையும் சரிபார்க்க வேண்டும். அடுத்து, சக்கரம் இறக்க அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குக் குறைத்து, கையேடு கூறும் வரிசையில் அவசர முறையைக் கையாள வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டபின் மீண்டும் மேலேற்றிப் பார்ப்பது ஆபத்து. விமானத்தைத் தரையில் தாங்கிமேல் ஏற்றி, இம்முறையை அவ்வப்போது சோதிப்பது அவசியம்.

பாடமான விபத்துகள்

1972 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஈஸ்டர்ன் 401 விமானக் குழுவினர், மூக்குச் சக்கர விளக்கு எரியாததை ஆராய்ந்தபோது விமானம் உயரம் இழந்ததைக் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தனர். பழுது விளக்கில் மட்டுமே இருந்தது. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் 173 விமானம், சக்கரப் பிரச்சினையைச் சீர்செய்யச் சுற்றி வந்ததில் எரிபொருள் தீர்ந்து போர்ட்லாந்து அருகே விழுந்தது. 10 பேர் உயிரிழந்தனர். இரு விமானங்களிலும் சக்கரங்கள் கீழேதான் இருந்தன. இதன்பின் குழுவினர் பணியைப் பகிர்ந்துகொள்ளும் பயிற்சி பரவியது.

திருச்சி நிகழ்வு

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் திரவ அழுத்தக் கோளாறு ஏற்பட்டது. இவ்வகை விமானத்தில் எரிபொருளை வானில் வெளியேற்ற வசதி இல்லை. எனவே எடையைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமிட்டது. தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் காத்திருக்க, 140க்கும் மேற்பட்டோருடன் விமானம் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது.