பள்ளித் தலைமை: வலையமைப்பு ஆய்வு

பள்ளியில் வழிநடத்துபவர் யார் என்பதைப் பதவியைக் கொண்டு முடிவு செய்யாமல், ஆசிரியர்களுக்கிடையே உள்ள தொடர்புகளைக் கொண்டு அறியும் முறை வலையமைப்பு ஆய்வு எனப்படும். இதில் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு கணு. ஒருவர் மற்றவரிடம் ஆலோசனை கேட்பதும் பாடக்குறிப்பைப் பகிர்வதும் கணுக்களை இணைக்கும் கோடுகள்.

இம்முறையின் முன்னோடி ஜேக்கப் மொரேனோ ஆவார். 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் 14 பேர் தப்பியோடியபோது, காரணத்தை அவரவர் குணத்தில் தேடாமல், யார் யாருடன் சேர்ந்திருக்க விரும்பினர் என்பதைக் கோடுகளாக வரைந்து, தப்பும் எண்ணம் அக்கோடுகளின் வழியே பரவியது என்று அவர் விளக்கினார். அவ்வகை வரைபடங்கள் அவருடைய 1934ஆம் ஆண்டு நூலில் விரிவாக இடம்பெற்றன. ஆகவே இத்துறை பிறந்த இடமே ஒரு பள்ளிதான். பின்னர் நார்வேயின் பிரெம்னெஸ் என்னும் மீனவர் வட்டாரத்தை ஆராய்ந்த ஜே. ஏ. பார்ன்ஸ், 1954இல் சமூக வலையமைப்பு என்பதைக் கலைச்சொல்லாக நிலைபெறச் செய்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், தில்லிப் பல்கலைக்கழகத்தின் எம். என். சீனிவாசும் ஆந்த்ரே பெத்தேயும் இந்தியச் சமூக அமைப்பில் வலையமைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரை, சாதி, ஊர் என்னும் குழுக்களின் எல்லையைத் தாண்டிச் செல்லும் தனிமனிதத் தொடர்புகளைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இத்துறையின் வரலாற்றில் அக்கட்டுரைக்கு உரிய இடம் தரப்பட வேண்டும்.

1970களின் இறுதியில் லின்டன் ஃபிரீமன் வலையமைப்பில் ஒருவருக்குள்ள மையத்தன்மையை மூவகையாகப் பிரித்தார்: பலருடன் நேரடித் தொடர்பு உடையவர், அனைவரையும் குறைந்த படிகளில் எட்டக்கூடியவர், பிரிந்து நிற்கும் குழுக்களுக்கு இடையே பாலமாக நிற்பவர். பள்ளியில் தலைமை மூன்றாமவரிடமும் அமையலாம். அவர் தலைமையாசிரியராக இருக்க வேண்டுவதில்லை. தலைமை பலரிடையே பரவி நிற்பது என்று கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்பில்லேன் கூறியதும், கல்வியில் சமூக வலையமைப்புகள் பற்றி ஆலன் டேலி 2010இல் தொகுத்த நூலும் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தன.

இந்தியாவில் பள்ளித் தலைமையை வளர்க்க, தில்லியில் ஸ்ரீ அரவிந்தர் சாலையில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனத்தில் 2012இல் தேசியப் பள்ளித் தலைமை மையம் தொடங்கப்பட்டது. தில்லி அரசு 2016இல் 200 வழிகாட்டி ஆசிரியர்களை நியமித்து, ஒவ்வொருவரிடமும் சில பள்ளிகளை ஒப்படைத்தது. பள்ளிகளுக்கிடையே திட்டமிட்டுக் கோடு வரைந்த முயற்சி இது. கோத்தாரிக் குழு 1966இல் பரிந்துரைத்த பள்ளி வளாகத் திட்டத்தை, அதாவது ஓர் உயர்நிலைப் பள்ளியோடு சுற்றுவட்டாரப் பள்ளிகளை இணைப்பதை, 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் முன்வைத்துள்ளது.

வலையமைப்பு ஆய்வில் விடையளிப்பவர் பெயரை மறைத்துக் கேட்க முடியாது, பெயரே தரவு. எனவே திரட்டிய வரைபடத்தை ஆசிரியர் மதிப்பீட்டுக்கோ இடமாறுதலுக்கோ பயன்படுத்துதல் ஆகாது.