காற்றை அளந்த பலூன்கள்

பூமிக்கு மேலே பல நூறு மைல் உயரத்திற் காற்று உண்டா? உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. முதற் செய்மதி வானேறுமுன் இதற்குத் திட்டமாக விடை கூறுவார் இலர்.

1956-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியிலே விஞ்ஞானிகள் கூடி இதனை ஆராய்ந்தனர். அங்கு சென்றிருந்த லாங்லி ஆய்வுகூடப் பொறியியலாளர் வில்லியம் ஓசலிவனுக்கு எளிய யோசனையொன்று தோன்றியது. கல்லைவிடப் பஞ்சையே காற்று அதிகம் தடுக்கிறது. ஆகவே பாரமற்ற பெரிய உருண்டையொன்றைச் சுற்றவிட்டால், அதன் பாதை சுருங்கும் வேகமே காற்றின் அடர்த்தியைக் காட்டிவிடும். உருண்டை எப்பக்கம் திரும்பினாலும் காற்றை எதிர்க்கும் பரப்பு மாறாது. உள்ளே கருவி எதற்கு? உருண்டையே கருவி!

யோசனை எளிது; வானேற்றுவது எளிதாகவில்லை. பன்னிரண்டடிப் பலூன் 1958 ஒக்டோபரிலும், 1959 ஓகஸ்டிலும், 1960 டிசம்பரிலும் புறப்பட்டு, மூன்று முறையும் றொக்கற் பழுதினால் அழிந்தது. பலூன்மீது குற்றமில்லை. வேறொருவராயின் கைவிட்டிருப்பார்.

இதற்கிடையில் நூறடி விட்டமுள்ள 'எக்கோ' தயாராயிற்று. 1959 ஒக்டோபர் 28-ந் திகதி நடந்த பரீட்சையில், மடிப்புகளுள் எஞ்சிய சொற்பக் காற்று வெற்றிடத்தில் விரிய, பலூன் வெடித்துச் சிதறியது. மின்னிய துண்டுகளைக் கண்ட அத்திலாந்திக் கரைவாசிகள் திகைத்தனர். மீண்டும் பரீட்சித்துக் குறை நீக்கினர்.

1960 ஓகஸ்ட் 12-ந் திகதி எக்கோ வானில் விரிந்தது. அலுமினியம் பூசிய அதன் பிளாஸ்ரிக் தோல் ஓரங்குலத்தின் ஈராயிரத்திலொரு பங்கு கனமே. அன்றே ஜனாதிபதி ஐசனோவரின் குரல் கலிபோர்னியாவிலிருந்து சென்று, அதிற்பட்டுத் தெறித்து, நியூஜேர்சியிற் கேட்டது. இரவில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த அதன் பாதை இலங்கைக்கு மேலாகவும் சென்றது. நம் முதியோரிற் சிலர் அண்ணாந்து பார்த்திருக்கவுங்கூடும்.

பன்னிரண்டடிப் பலூனுக்கும் நாள் வந்தது. 1961 பெப்ரவரி 16-ந் திகதி, வர்ஜீனியாவின் வாலொப்ஸ் தீவிலிருந்து ஸ்கவுட் றொக்கற் அதனை 'எக்ஸ்புளோரர் 9' என்ற பெயருடன் ஏற்றிவைத்தது. அதன் வானொலிக் கருவி ஊமையாயிற்று. ஆயினும் பளபளக்கும் உருண்டையல்லவா? கமெராக்கள் அதன் ஒளியைப் பின்தொடர்ந்து பாதையைக் கணித்தன. மேல்வளியின் அடர்த்தி நிலையானதன்று, சூரியனின் கொதிப்புக்கேற்ப ஏறியிறங்குவது என்பதை இத்தகைய கணிப்புகளே உறுதிப்படுத்தின.

எக்கோவோ மற்றொரு பாடமுங் கற்பித்தது. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தமே அதன் பாதையைத் தள்ளி இடம்பெயர்த்தது. எக்ஸ்புளோரர் 9, 1964 ஏப்ரிலில் எரிந்து மறைந்தது. எக்கோ 1968 மே 24-ந் திகதி வீழ்ந்தது. இரண்டையும் இழுத்து வீழ்த்தியது அவை அளக்கச் சென்ற அந்தக் காற்றே.