போருக்குப் பின் தருகிறோம்: 'ஜாயிண்ட்' வாங்கிய கடன்கள்

பி.காம் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். கையால் தொட முடியாத சொத்து. நல்ல பெயருக்கு ஒரு விலை. அதைக் கணக்கிட நாலைந்து முறைகளை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த நல்ல பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையிலேயே பல ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட ஓர் அமைப்பைப் பற்றியது இந்தக் கட்டுரை.

ஒரு தந்தி

1914 ஆகஸ்ட் 31. ஒட்டோமான் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ், நியூயார்க்கில் இருந்த வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப்புக்கு ஒரு தந்தி அனுப்பினார். பாலஸ்தீனத்து யூதர்கள் பெரும் நெருக்கடியில் இருக்கிறார்கள், உடனே 50,000 டாலர் வேண்டும் என்பதுதான் செய்தி.

இத்தனைக்கும் அப்போது பாலஸ்தீனத்தில் போர் நடக்கவில்லை. துருக்கி இன்னும் போரில் இறங்கவே இல்லை. பிறகு ஏன் பட்டினி? ஜெருசலேம் போன்ற ஊர்களில் இருந்த பழைய யூதக் குடும்பங்கள் பல, ஐரோப்பிய யூதர்கள் அனுப்பும் நன்கொடையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. புதிதாகக் குடியேறிய விவசாயிகளோ ஆரஞ்சையும் ஒயினையும் ஐரோப்பாவுக்கு விற்றுப் பிழைத்தவர்கள். ஐரோப்பாவில் போர் மூண்டதும் இரண்டு வழியும் ஒரே மாதத்தில் அடைபட்டன. குண்டு விழாமலே ஒரு சமூகம் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஆகிவிட்டது.

பணம் சீக்கிரமே சேர்ந்தது. அமெரிக்க யூதக் குழு 25,000, ஷிஃப் தன் சொந்தப் பணத்தில் 12,500, அமெரிக்க சியோனியவாதிகள் 12,500. அது தங்கமாக 'நார்த் கரோலினா' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் யாஃபா துறைமுகத்துக்குப் போனது. மார்கெந்தாவின் மருமகன் மாரிஸ் வெர்தைம் கூடவே போய் அதை ஒப்படைத்தார். ஆக, பணம் திரட்டுவது ஒரு வேலை, அதைக் கொண்டு சேர்ப்பது வேறு வேலை. பின்னால் வந்த முப்பது வருஷக் கதையும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைப் பற்றியதுதான்.

ஒரே பந்தியில் உட்காராதவர்கள்

போர் கிழக்கு ஐரோப்பாவில் பரவியதும் லட்சக்கணக்கான யூதர்கள் அகதிகளானார்கள். அமெரிக்காவில் உதவி செய்ய ஆள் இருந்தது, ஆனால் ஒற்றுமை இல்லை. மரபு தவறாத மதப்பற்றாளர்கள் ஒரு குழு வைத்தார்கள். ஜெர்மன் வழிவந்த வசதியானவர்கள் இன்னொரு குழு. 1915-இல் தொழிலாளர்கள் மூன்றாவதாக ஒன்றை ஆரம்பித்தார்கள். மத விஷயத்திலும் அரசியலிலும் இவர்களுக்குள் ஒத்துப்போகவே போகாது.

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. வசூலை அவரவர் தனித்தனியாகச் செய்வது, விநியோகத்தை மட்டும் சேர்ந்து செய்வது. 1914 நவம்பர் 27-இல் உருவான அந்தப் பொது அமைப்புக்குப் பெயரும் அப்படியே வந்தது: அமெரிக்க யூதக் கூட்டு விநியோகக் குழு. சுருக்கமாக 'ஜாயிண்ட்'. முதல் தலைவர் பெலிக்ஸ் வார்பர்க், அவரும் வங்கியாளர்தான். 1916 ஜனவரி 27-ஐ யூதர் நிவாரண நாளாக அமெரிக்க ஜனாதிபதி வில்சன் அறிவிக்கும் அளவுக்கு இந்த வேலை பெரிதானது.

டாலர் போகாமல் பணம் போன வழி

1933-இல் ஹிட்லர் வந்த பிறகு சிக்கல் வேறு மாதிரி ஆனது. ஜெர்மனிக்குள் டாலர் அனுப்பினால் அந்த அந்நியச் செலாவணி நாஜி அரசுக்குத்தான் லாபம். அனுப்பாவிட்டால் உள்ளே இருக்கும் யூத முதியோர் இல்லமும் கஞ்சித்தொட்டியும் மூடவேண்டியதுதான்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாட்டை விட்டு வெளியேறும் யூதக் குடும்பம் தன் மார்க் பணத்தை வெளியே எடுத்துப் போக முடியாது. அதை உள்ளூர் யூத சபையிடம் கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக ஜாயிண்ட் அந்தக் குடும்பத்தின் கப்பல் கட்டணத்தை வெளிநாட்டில் டாலராகக் கட்டிவிடும். சபை அந்த மார்க்கை வைத்து உள்ளே இருப்பவர்களுக்குச் செலவு செய்யும். நாம் உண்டியல், ஹவாலா என்று கேள்விப்படுகிறோமே, கிட்டத்தட்ட அதே முறை. எல்லையைப் பணம் தாண்டவே இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் கணக்கு நேராகிவிட்டது.

வார்சா

1939-இல் ஜெர்மனி போலந்தைப் பிடித்தது. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு என்பதால் வார்சாவில் ஜாயிண்ட் அலுவலகம் தொடர்ந்து நடந்தது. ஐசக் கிட்டர்மன், டேவிட் குசிக், வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்ப்ளும் போன்றவர்கள் அதில் வேலை செய்தார்கள். 1940 நவம்பரில் கெட்டோவின் வாசல்கள் மூடப்பட்டன. நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே அடைக்கப்பட்டிருந்தார்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், ஜாயிண்ட் எதிரி நாட்டு அமைப்பாகிவிட்டது. சட்டப்படி கதை முடிந்தது.

அவர்கள் முடிக்கவில்லை. கெட்டோவுக்குள் இன்னும் கொஞ்சம் பணம் வைத்திருந்தவர்களிடம் போய்க் கடன் கேட்டார்கள். இப்போது ஸ்லோட்டி கொடுங்கள், போருக்குப் பிறகு ஜாயிண்ட் டாலரில் திருப்பித் தரும் என்றார்கள்.

யார் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள். கொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் புரியும். கையில் இருக்கும் பணத்தை நாளைக்கே ஒரு ஜெர்மன் சிப்பாய் பிடுங்கிக்கொண்டு போகலாம். அதைவிட நியூயார்க்கில் இருக்கும் நல்ல பெயருள்ள ஓர் அமைப்பின் வாக்கு பத்திரம். பிழைத்தால் டாலர், பிழைக்காவிட்டால் நாலு குழந்தைகளுக்காவது கஞ்சி. அந்த வாக்கை நம்ப வைத்தது முந்தைய 27 வருஷ வேலை.

இருந்தாலும் பணம் போதவில்லை. 1942-இல் ரிங்கல்ப்ளும் தன் குறிப்பில் ஒரு கேள்வி எழுதினார். எல்லோருக்கும் கரண்டி கரண்டியாகப் பங்கிட்டால் கடைசியில் யாருமே பிழைக்க மாட்டார்கள். சிலருக்கு மட்டும் வயிறாரக் கொடுத்தால் அவர்களாவது பிழைப்பார்கள். எது சரி? அந்தச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு? அவரிடமும் பதில் இல்லை.

ஷாங்காய்

இதே சமயம் ஷாங்காயில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகள் ஏறத்தாழ 20,000 பேர் இருந்தார்கள். ஜாயிண்ட் 1941-இல் அங்கே லாரா மார்கோலிஸ் என்ற சமூகப் பணியாளரை அனுப்பியது. டிசம்பரில் ஜப்பானியர்கள் நகரம் முழுவதையும் பிடித்தார்கள், நியூயார்க் பணம் நின்றது.

மார்கோலிஸ் நேராக இனுசுகா என்ற ஜப்பானியக் கடற்படை அதிகாரியிடம் போய், உள்ளூரில் கடன் வாங்க அனுமதி வாங்கினார். ஏற்கெனவே அங்கே வசதியாக இருந்தவர்களிடம், போருக்குப் பின் ஜாயிண்ட் திருப்பித் தரும் என்ற அதே வாக்கின் பேரில் பணம் திரட்டினார். அதோடு நிற்கவில்லை. சமையலறையில் நிலக்கரி வீணாவதைப் பார்த்து, சசூன் நிறுவனத்திடமிருந்து பெரிய நீராவி பாய்லர்களை வாங்கிப் பொருத்தினார். குறைந்த எரிபொருளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்க முடிந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கும் நமக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

1942 மே மாதம் நியூயார்க்கிலிருந்து தந்தி வந்தது. எதிரி வசமுள்ள இடத்தோடு தொடர்பு வைக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிக்காது, இனி எதுவும் அனுப்ப முடியாது என்று. சட்டத்தை மீறினால் அமைப்பே போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சட்டம் பசியோடு வரிசையில் நின்றவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மார்கோலிஸை 1943-இல் ஜப்பானியர்கள் முகாமில் அடைத்தார்கள். அதே வருஷம் கைதிப் பரிமாற்றத்தில் அவர் விடுதலையானார்.

மகன் திறந்த வழி

1914-இல் தந்தி அடித்த மார்கெந்தாவின் மகன், அதே பெயர் கொண்டவர், அப்போது அமெரிக்க நிதியமைச்சர். அவரும் அவர் துறை அதிகாரிகளும் வற்புறுத்தியதால் 1944 ஜனவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போர் அகதிகள் வாரியத்தை அமைத்தார். எதிரி நாடுகளுக்குள் நிவாரணப் பணம் அனுப்ப உரிமங்கள் கிடைத்தன. வாரியம் அரசாங்கத்துடையது, ஆனால் அதன் வேலைக்கான பணத்தில் பெரும்பகுதி ஜாயிண்ட் கொடுத்தது. புடாபெஸ்டில் ராவுல் வாலன்பெர்க் செய்த மீட்பு வேலைக்குப் பின்னாலும் அந்தப் பணம் இருந்தது.

வார்சாவுக்கு அது மிகத் தாமதம். கெட்டோ மக்களில் பெரும்பாலானோர் 1942 கோடையிலேயே ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கிட்டர்மன் 1943 ஜனவரி 18-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ரிங்கல்ப்ளும் 1944 மார்ச்சில். குசிக் பிழைத்து, போருக்குப் பிறகும் அதே வேலையைச் செய்து, 1946-இல் விமான விபத்தில் இறந்தார். கடன் கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை என்ற நிலையில் எத்தனையோ கணக்குகள் அப்படியே நின்றன. நம் பாடப்புத்தகத்தில் அதை வாராக்கடன் என்போம். அந்தப் பணம் கஞ்சியாக மாறி யாரோ ஒருவருக்கு இன்னும் சில வாரங்கள் கொடுத்தது என்பதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ரிங்கல்ப்ளும் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.