பாலகர் கையில் முதல் வில்

தனுர்வித்தை பயிலத் தொடங்குவோனுக்கு முதல் வில் விலை குறைந்ததாயும் அவன் தேகபலத்துக்கு இசைந்ததாயும் இருத்தல் வேண்டும் என்ற விவேகத்தைப் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தெளிவாகக் காண்கிறோம். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1540-களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, 7 முதல் 17 வயது வரையுள்ள ஆண்மக்களுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்புகளும் வாங்கித் தருவது தந்தையின் கடமை என விதித்தது.

வில்லுக்குச் சிரேஷ்டமான யூ மரமோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தது, விலையும் அதிகம். ஆகவே வில் செய்வோர் எல்ம், ஆஷ் முதலிய எளிய மரங்களிலும் வில் செய்து வைக்க வேண்டுமென்றும், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நீங்கலாக 17 வயது நிரம்பாதார் யூ வில்லைக் கொண்டு எய்யலாகாதென்றும் அச்சட்டம் கட்டளையிட்டது. யுத்தத்தின் பொருட்டே எழுந்ததாயினும், ஏழைக் குடியானவனின் மகனையும் மறவாத இந்த ஏற்பாடு என் உள்ளத்தை மிகவும் கவர்கிறது.

அத்தகைய குடியானவர் குடும்பத்திலே பிறந்து பாதிரியாராக உயர்ந்த ஹ்யூ லாட்டிமர், 1549-இல் ஆறாம் எட்வர்டு மன்னன் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கத்தில், தம் தந்தை தம் வயதுக்கும் வலிமைக்கும் தக்க வில்லையே வாங்கித் தந்தாரென்றும், தாம் வளர வளர வில்லும் பெரிதாகிக்கொண்டே வந்ததென்றும், கைப்பலத்தை மட்டும் நம்பாமல் தேகத்தின் முழுப் பாரத்தையும் வில்லில் செலுத்தக் கற்பித்தாரென்றும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.