சிலுவைக் கம்பும் பனைமரமும்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வது வழக்கம். அதற்கு அண்மையில், வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் வணிகம் செய்த துறை அது. கோயிலையும் துறைமுகத்தையும் இணைக்கும் சொல் ஒன்று நம்மிடம் உண்டு: வராகன். பன்றி உருவம் பொறித்த பொற்காசுக்கு அமைந்த அப்பெயரைப் பின்னாளில் வேறு உருவம் தாங்கிய காசுகளும் பெற்றன.

எழுத்தறியாதவரும் காசை உருவத்தால் அறிந்தனர் என்பதற்கு இது சான்று. ஆனால் அதே வழக்கம் மற்றொரு காசின் பிறப்பை மறைத்தும் விட்டது. அதுவே ‘சாணார் காசு’.

தென்னாட்டில் கிடைத்துவரும் இம்மெல்லிய பொற்காசின் எடை ஏறத்தாழ 3.5 கிராம். ஒருபுறம் இருவர், இடையில் சிலுவைக்கொடி தாங்கிய நெடுங்கம்பு. மறுபுறம் விண்மீன்கள் சூழ ஒருவர் நிற்கிறார். கம்பைப் பனையாகவும், அதன் அடியில் மண்டியிட்டவரைக் கள்ளிறக்குபவராகவும் கண்டனர் நம் முன்னோர்.

உண்மையில் அது வெனிஸ் நகரத்து டுகாட். 1284இல் தொடங்கி, 1797இல் நெப்போலியனிடம் அக்குடியரசு வீழும்வரை உருவம் பெரிதும் மாறாமல் வெளிவந்தது. நிற்பவர் புனித மாற்கு. மண்டியிட்டிருப்பவர் நகரத் தலைவரான டோஜே. மறுபுறம் இயேசு கிறிஸ்து. எகிப்து, செங்கடல் வழியாக மிளகுக்கு விலையாக வந்த பொன் இது. கேரளத்தில் ‘ஆமாட’ என்ற பெயரில் கழுத்தணியாகவும் கோக்கப்பட்டது.

இழிவை எதிர்த்துப் போராடிய காலத்தில், தம் முன்னோர் ஆண்டதற்கு இக்காசின் பெயரையே சான்றாகக் காட்டியோரும் உண்டு. நாணயவியல் அதனை ஏற்காது. ஆயினும், மனிதரின் மதிப்புக்குக் காசின் சாட்சி தேவையில்லை என்பதே நம் கருத்து.

டோஜேயின் பெயர் காசிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அதனைப் படித்தால் காலத்தை வரையறுக்கலாம். எழுத்துகள் பொருளின்றிச் சிதைந்திருந்தால், அது இந்தியாவில் அடித்த போலியாகவும் இருக்கலாம். அப்போலிக்கும் வரலாற்று மதிப்பு உண்டு.

மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். உருக்கினால் எஞ்சுவது 3.5 கிராம் பொன் மட்டுமே. வெனிஸையும் தென்னாட்டையும் இணைத்த கடல்வழியின் தடயம் அந்த உலையிலேயே அழிந்துபோகும்.