மணிமேகலையும் மரணத் துயரும்

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்றை அமைத்தனர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிவுற்ற அவ்வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். ஜொகூர்த் தோட்டத்து மக்களும் அவருள் அடங்குவர். காலராவும் மலேரியாவும் பசியும் அவருள் மிகப் பலரை மாய்த்தன. மீளாதவர் வீடுகளில் கொள்ளி வைக்க உடல் இல்லை. திதி கொடுக்க இறந்த நாளும் தெரியவில்லை. இத்தகைய துயரை எவ்வாறு ஆற்றுவது என்னும் வினாவுக்குத் தமிழில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. அது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் உள்ளது.

முப்பது காதைகளையுடைய அக்காப்பியம் பௌத்தக் காப்பியம் என்பதை அனைவரும் அறிவர். அது தொடங்குவதற்கு முன்பே ஒரு மரணம் நிகழ்ந்துவிடுகிறது. கோவலன் மதுரையில் கொலையுண்ட செய்தி கேட்டு மாதவி அறவண அடிகளை அடைகிறாள். அடிகள் அவளுக்கு இனிய பொய் எதனையும் கூறவில்லை. துன்பம் உண்டு, அதற்குக் காரணம் பற்று, பற்று அற்றால் துன்பம் அறும், அதற்கு வழியும் உண்டு என்னும் நால்வகை வாய்மையையே உணர்த்துகிறார். நூல் முழுவதும் இவ்வாய்மையின் விளக்கமே எனலாம்.

பாலி மொழிப் பௌத்த நூல்களில் கிசா கோதமியின் கதை புகழ்பெற்றது. இறந்த குழந்தைக்கு மருந்து வேண்டி நின்ற அவளிடம், சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு புத்தர் பணித்தார். வீடு வீடாகச் சென்ற அவள், அப்படி ஒரு வீடே இல்லை என்று உணர்ந்து மீண்டாள். மணிமேகலையிலும் கோதமை என்னும் தாய் ஒருத்தி வருகிறாள். புகார்ச் சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட தன் மகன் சார்ங்கலனைத் தழுவி எடுத்துவந்து, தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்தை வேண்டுகிறாள். உயிருக்கு உயிர் மாற்றுதல் இயலுமாயின், அரசருக்காக உயிர்தர எத்தனை பேர் முன்வந்திருப்பர், சுடுகாட்டில் அரசர்களின் கோட்டங்கள் இருப்பானேன் என்று தெய்வம் கேட்கிறது. அவள் நம்பும் பொருட்டுச் சக்கரவாளத்துத் தேவரையெல்லாம் வரவழைத்துக் காட்டுகிறது. எவராலும் ஆகாது என்று தெளிந்த கோதமை, துயர் நீங்கி மகனை ஈமத்தில் இட்டாள். பின் தானும் மறைந்தாள். கிசா கோதமி ஊராரிடம் கேட்டறிந்ததைக் கோதமை தேவரிடம் கேட்டறிகிறாள். பெயரிலும் பொருளிலும் உள்ள இவ்வொற்றுமை ஆராய்தற்குரியது.

இதனினும் ஆழமானது சிறைவிடு காதை. மகன் உதயகுமரனை இழந்த அரசமாதேவி, அவன் சாவுக்கு மணிமேகலையே காரணம் என்று கருதிப் பல கொடுமைகள் இழைக்கிறாள். அவை பலிக்காமற் போகவே அஞ்சி, மகனை இழந்த துயரால் செய்துவிட்டேன் என்று இரங்கி நிற்கிறாள். அதற்கு மணிமேகலை கூறும் விடையின் கருத்து இது: மகனின் உடலை எண்ணிக் கலங்கினால், அவ்வுடலைச் சுடுகாட்டில் இட்டவர் வேறு யாரோ அல்லர், உற்றாரே. உயிரை எண்ணிக் கலங்கினால், அது வினைவழியே எங்குப் புகுந்தது என்பதை அறிதல் அரிது. அவ்வுயிர்மீது கொண்ட அன்பு மெய்யாயின் எல்லா உயிரிடத்தும் இரக்கம் வேண்டும்.

இவ்விடையைக் கல்நெஞ்சின் மொழி எனக் கொள்வோர் உண்டு. அழாதே என்று மணிமேகலை சொல்லவில்லை என்பதை அவர்கள் கருத வேண்டும். ஓர் உடலுக்குள் அடைபட்ட அன்பை எல்லா உயிர்க்கும் திறந்துவிடுமாறே அவள் சொல்கிறாள்.

அவ்வாறு திறவாத துயர் என்னாகும்? அதனையும் சாத்தனார் காட்டுகிறார். பீலிவளை பெற்ற மகன் கப்பல் உடைந்து காணாமற்போக, சோழ மன்னன் அத்துயரில் மூழ்கி இந்திர விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது என்பது காப்பியம் தரும் செய்தி. இதற்கு மறுதலையாக நிற்பவன் சாவக நாட்டு மன்னன் புண்ணியராசன். மணிபல்லவத்து மணலைத் தோண்டி, முற்பிறவியில் ஆபுத்திரனாக இருந்து பட்டினியால் உயிர்விட்ட தன் எலும்புகளையே அவன் காண்கிறான். கண்டு கலங்கியவனை மணிமேகலை துறவுக்கு அழைக்கவில்லை. நாடு திரும்பி, மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் வழங்குமாறு அனுப்பிவைக்கிறாள். அவளும் காஞ்சி சென்று பஞ்சத்தில் வாடியோர்க்கு அமுதசுரபியால் உணவளிக்கிறாள்.

இந்நெறி இந்நாட்டுக் கடற்கரைக்குப் புதியதன்று. 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, கி.பி. 5ஆம் நூற்றாண்டினது என்பர். புத்தகுப்தன் என்னும் மாநாவிகன் பொறித்த அவ்வடமொழிக் கல்வெட்டு, அறியாமையே வினையை வளர்க்கிறது என்னும் பௌத்தக் கருத்தைத் தாங்கி, கடற்பயணம் இனிது முடிய வேண்டுகிறது. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து மன்னன் ஸ்ரீமாற விசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறும். கடல் கடந்து பொருள் மட்டுமன்றி நெறியும் சென்று வந்தது என்பதற்கு இவை சான்று.

நிலையாமையைப் போதித்த அந்நெறியும் தமிழகத்தில் நிலைக்கவில்லை. குண்டலகேசியில் சில செய்யுட்களே எஞ்சின. நாகையில் எஞ்சியிருந்த பௌத்தக் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையருக்குப் பௌத்தக் கருத்துகளை விளக்கத் தமிழ்ப் புலவர் எவரும் இலர். கும்பகோணம் மளூர் ரங்காசாரியாரின் துணை வேண்டியிருந்தது. 1898இல் பதிப்பு வெளிவந்தது. நெறி மறைந்தும் நூல் மீண்டது தமிழரின் நற்பேறு.

சயாம் சென்று மீளாதவரை இழந்து தவித்த தலைமுறையும் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். அவர் எங்குப் புதைந்தார் என்பது தெரியாது. உடல் கிடைக்காத அவ்வீடுகளில் மணிமேகலை கூறிய மறுமொழி, வகுப்பறைச் செய்யுளாக மட்டும் நின்றுவிடாது. சிறைவிடு காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியர், பதவுரை முடிந்ததும் நூலை மூடிவிடாமல், அரசமாதேவியிடம் கூறிய அவ்விடையையும் காஞ்சியில் இட்ட சோற்றையும் சேர்த்தே மாணாக்கர்க்குக் காட்டுதல் வேண்டும். மறைந்தவர்மீது கொண்ட அன்பு, பசித்து வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் இலைக்கு வந்து சேருமாயின், சாத்தனார் எண்ணியது ஈடேறியதாகும்.