குடல்வாழ் உயிர்களுக்குப் பெயரிட்ட வரலாறு

1885ஆம் ஆண்டு. காசநோய்க்கும் காலராவுக்கும் காரணமான கிருமிகளை ராபர்ட் கோக் கண்டறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மருத்துவ உலகம் நோய்க்கிருமியைத் தேடி அலைந்துகொண்டிருக்க, மியூனிக் நகரில் தியோடர் எஷெரிக் என்னும் இளம் குழந்தை மருத்துவர் வேறொரு வினாவை எழுப்பினார். நலமாக உள்ள குழந்தையின் குடலில் என்னென்ன வாழ்கின்றன? இயல்பை அறியாமல் பிறழ்வை அறிவதெப்படி என்பது அவர் கட்சி. பிறந்த குழந்தையின் முதல் மலத்தில் அவர் நுண்ணுயிர் எதனையும் காணவில்லை. சில மணி நேரத்திற்குள் அவை குடியேறிவிடக் கண்டார். அவற்றுள் கோல் வடிவினதாய், விரைந்து வளர்ந்த ஒன்றுக்குப் 'பாக்டீரியம் கோலி கம்யூனே' என்று பெயரிட்டார். 'பெருங்குடலின் பொதுவான பாக்டீரியம்' என்பது பொருள்.

அவர் பெயரே அவ்வுயிருக்கு வாய்த்தது 1919இல்தான். அவர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து. 'எஷெரிக்கியா' என்னும் பேரினத்தை முன்மொழிந்த அல்டோ காஸ்டெல்லானியும் ஆல்பர்ட் சால்மர்ஸும் கொழும்பில் பணியாற்றியவர்கள் என்பதை நம்மில் பலர் அறிந்திரார். வெப்பமண்டல மருத்துவம் பற்றி அவர்கள் எழுதிய பெருநூலின் மூன்றாம் பதிப்பில் அப்பெயர் வந்தது. ஜப்பானிய அறிஞர் ஷிகா 1897இல் கண்ட சீதபேதிக் கிருமிக்கு 'ஷிகெல்லா' என்ற பேரினப் பெயரும் அந்நூல் தந்ததே. பின்னாளில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது எஷெரிக்கியா கோலியும் ஷிகெல்லாவும் ஒரே சிற்றினமாகக் கொள்ளத்தக்கன என்று தெரிந்தது. ஆயினும் பெயர்கள் ஒன்றாக்கப்படவில்லை. சீதபேதியை நினைவூட்டும் பெயரை இழந்தால் மருத்துவர்கள் குழம்புவர் என்ற அச்சமே காரணம். வகைப்பாடு உறவுமுறையைச் சொல்லவா, பயன்பாட்டுக்கு உதவவா என்ற வழக்கு இங்கே பயன்பாட்டின் பக்கம் தீர்ந்தது.

எஷெரிக் கண்டது குடல் மக்கள்தொகையில் மிகச் சிறு பங்கு. பெரும்பான்மையானவை காற்றுப் பட்டாலே மடிபவை. ராபர்ட் ஹங்கேட் உயிர்வளி புகாத வளர்ப்பு முறையைச் செம்மைப்படுத்திய பிறகே அவை கைக்கு வந்தன. 1977இல் கார்ல் வூஸ், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் எழுத்துவரிசையைக் கொண்டு உயிர்க்குலத்தையே மறுவகைப்படுத்தினார். உருவமும் உணவும் சொல்லாத உறவை அவ்வரிசை சொன்னது.

இருப்பினும் புதிய சிற்றினம் ஒன்றை ஏற்பதற்கான விதி கடுமையானது. அதனைத் தனியே வளர்த்து, பண்புகளை விவரித்து, வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு சேகரிப்பு மையங்களில் உயிருடன் ஒப்படைக்க வேண்டும். நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள், குடற்சளியை மட்டுமே உணவாகத் தந்து வளர்த்த உயிர் 2004இல் 'அக்கர்மான்சியா மியூசினிஃபிலா' ஆனது இம்முறையில்தான். முன்பாதி, நுண்ணுயிரியலாளர் அன்டூன் அக்கர்மான்ஸின் பெயர். பின்பாதிக்குச் 'சளி விரும்பி' என்று பொருள்.

வளராதவற்றை என்ன செய்வது? 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, மலத்திலிருந்து நேரடியாகப் படித்த டி.என்.ஏ. துண்டுகளைக் கணினியால் ஒட்டி, எவரும் வளர்த்திராத 1,952 சிற்றினங்களை முன்வைத்தது. மரபணுத் தொகுதியையே மாதிரியாக ஏற்கும் யோசனையைப் பன்னாட்டு விதிக்குழு 2020இல் மறுத்தது. மறுக்கப்பட்டோர் 2022இல் 'சீக்கோடு' என்னும் தனி விதிநூலை வகுத்துக்கொண்டனர். பழைய குழுவின் பிடிவாதத்திலும் நியாயம் உண்டென்றே நமக்குப் படுகிறது. ஒட்டிச் சேர்த்த தொகுதியில் இரண்டு உயிர்களின் துண்டுகள் கலந்துவிடக்கூடும். குப்பியில் உறையவைத்த உயிரையோ எவரும் கேட்டுப் பெற்று மீண்டும் சோதிக்கலாம்.